பென்சில் புள்ளி வைத்த முட்டைகள்

1

இந்தக் கார்த்திகையோடு நாங்கள் அமெரிக்கா வந்து ஆறு வருஷம் முடிகிறது. வருஷம் முடிகிற அன்றைக்கு ஒரு பாயசம் வைப்பேன், அவ்வளவுதான் கொண்டாட்டம். இந்தத் தடவை பாயசத்தை இறக்கி வைத்த நேரத்தில் தபால் வந்தது. பென்னலூரில் என்னோடு படித்த சிநேகிதி எழுதியிருந்தாள். நான் இங்கே ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதாக ஒருத்தர் சொல்கிறாராம், ஓட்டலில் மாவாட்டுவதாக இன்னொருத்தர் சொல்கிறாராம். "நெஜமா நீ இன்னாதான் பண்றே?" என்று கடைசி வரியில் கேட்டிருந்தாள். அவள் ஒருத்திக்குப் பதில் எழுதினால் அதை அவள் நாலு பேருக்குப் படித்துக் காட்ட வேண்டும். அதற்கு எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பல்லி வளர்த்து விற்கிறேன். இதுதான் நிஜம்.

நம் வீட்டு டியூப்லைட் பக்கத்தில் பூச்சிக்குக் காத்திருக்குமே, அந்தப் பல்லி இல்லை. இதற்குச் சுவர் ஏறவே தெரியாது. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட மண்ணில் பிறந்த ஜாதி. மஞ்சள் உடம்பு, மேலெல்லாம் கறுப்புப் புள்ளி, சாண் நீளம். கண்ணுக்கு இமை உண்டு. உள்ளங்கையில் வைத்துக்கொண்டால் சூட்டுக்கு இமையை மூடிக்கொண்டு தூங்கும். நாம் துடைப்பத்தால் தள்ளிவிடுகிற இனத்துக்கு இங்கே குழந்தைகள் பெயர் வைத்து, பிறந்தநாள் கொண்டாடி, செத்தால் தோட்டத்தில் புதைத்து அழுகிறார்கள். முதலில் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. இப்போது சிரிப்பதில்லை. அந்தக் குழந்தைகள் அழுதுதான் என் வீட்டில் அரிசி வேகிறது.

காலையில் எழுந்ததும் காபிக்கு முன்னால் பின்பக்கத்து ஷெட்டுக்குப் போவேன். ஒவ்வொரு பெட்டியிலும் தண்ணீர் மாற்றி, கழிவை அள்ளி, சிள்வண்டு போட வேண்டும். சிள்வண்டுக்கு முதல்நாளே காரட் துருவிப் போட்டுக் கொழுக்க வைக்க வேண்டும். பல்லிக்குத் தீனி போடுவதற்கு முன்னால் தீனிக்குத் தீனி போடுவதுதான் பெரிய வேலை என்று பென்னலூரில் சொன்னால் யாரும் நம்ப மாட்டீர்கள்.

2

என் வீட்டுக்காரர் வல்லக்கோட்டைக்காரர். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டோரம் இருந்த ஒரு தொழிற்சாலையில் டூல் ரூமில் இருந்தார். ஷிப்டு முடித்து சைக்கிளில் வரும்போது சட்டையெல்லாம் ஆயில் வாசம் அடிக்கும். அந்தத் தொழிற்சாலைக்கு இயந்திரம் விற்க வந்த கம்பெனி அவர் கைவேலையைப் பார்த்து இங்கே ஃப்ளோரிடாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டது. வெயில் அசல் வாலாஜாபாத் வெயில், வியர்வை மட்டும் கொஞ்சம் அதிகம்.

நான் வந்த புதிதில் எனக்கு இங்கிலீஷ் வராது. எங்கள் தெருவில் டோரிஸ் என்று ஒரு அம்மா இருந்தார். தனி ஆள், எழுபது வயது, பல்லி வளர்ப்பவர். ஷெட்டைப் பெருக்க ஆள் வேண்டும் என்றார். பெருக்குவதற்கு இங்கிலீஷ் எதற்கு என்று போனேன். அவரிடம்தான் பாஷையும் கற்றேன், தொழிலும் கற்றேன். கடையில் போய் உருளைக்கிழங்கு கேட்கத் தெரியாத காலத்திலேயே பல்லிக்கு வரும் வியாதி பதினைந்தை இங்கிலீஷில் சொல்வேன். டாக்டரிடம் என் மகள் உமாவின் தோலைக் காட்டி, சட்டை உரிக்கிறாள் என்று சொல்லி, அவர் பயந்துபோன கதையும் உண்டு.

போன வருஷம் டோரிஸ் அம்மாவுக்குக் கை நடுக்கம் வந்தது. அத்தனை பல்லிகளையும் என்னிடம் ஒப்படைத்தார். ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து விற்க மனசில்லை, நீ பார்த்துக்கொள் என்றார். கூடப் பிறந்தவர்கள் செய்வார்களா என்று நான் இன்னமும் யோசிப்பதுண்டு.

அப்படி என் கைக்குத் தொழில் வந்த சமயத்தில் என் வீட்டுக்காரரின் கம்பெனியில் அவர் இருந்த லைனையே மூடிவிட்டார்கள். வடக்கே, வருஷத்தில் பாதி பனி கொட்டுகிற ஊரில் ஒரு வேலை கிடைக்கிறது, ஆனால் தனியாகத்தான் போக வேண்டும். உட்கார்ந்து பேசினோம். இந்த 1991-ஆம் வருஷத்து முட்டைகள் பொரித்து, குஞ்சு கேட்டிருக்கும் மொத்த வியாபாரிக்குக் கொடுக்க முடிந்தால், இன்னொரு ஷெட் போட்டு இரண்டு பேருமாக இந்தத் தொழிலையே செய்வது. பொரிக்காவிட்டால் தீபாவளி கழிந்ததும் அவர் வடக்கே போய்விடுவது. எங்கள் குடும்பம் ஒரே கூரையில் இருப்பதும் இரண்டாகப் பிரிவதும் கட்டைவிரல் அளவு முட்டைகளில் இருந்தது.

3

மார்ச் மாதம் அத்தை வந்தார். என் வீட்டுக்காரரின் அம்மா. மகனைப் பார்த்துவிட்டுப் போக ஆறு மாத அனுமதி. பையில் வல்லக்கோட்டை முருகன் விபூதியும், வத்தலும், உமாவுக்கு ஒரு பட்டுப்பாவாடையும் இருந்தன. பாவாடை முழங்காலோடு நின்றது. பேத்தி இவ்வளவு வளர்ந்திருப்பாள் என்று யாரும் அவருக்கு எழுதவில்லை. உமா இங்கிலீஷில் நன்றி சொன்னாள், அத்தை என்னைப் பார்த்தார். வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்று நான் கடிதத்தில் எழுதியிருந்தேன்.

நாங்கள் 'முட்டை பொரிக்கும் தொழில்' என்றும் எழுதியிருந்தோம். எழுதியது என் வீட்டுக்காரர். அத்தை கோழிப்பண்ணை என்றே நினைத்திருந்தார். வந்த மறுநாள் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தவர், திரும்பி வந்து சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவர் ஷெட் பக்கம் போகவேயில்லை. எனக்கும் அவருக்கும் சமையலறை இரண்டு ஷிப்டு ஆனது. காலை அவருக்கு, மாலை எனக்கு. என் சமையலை அவர் தொடுவதில்லை. நான் குளித்துவிட்டுத்தானே சமைக்கிறேன் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"பல்லி தொட்ட கையால போட்ட சோத்த எப்டிமா துன்றது? உன்மேல எனக்கு இன்னா கோவம்? தொண்டையில எறங்கலயே."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு சொல்லியிருப்பேன். எனக்கு வாய் உண்டு, ஊருக்கே தெரியும். அவர் வருத்தமாகச் சொன்னதால் வாயை மூடிக்கொண்டேன்.

மே மாதம் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்து ஸ்ரீபெரும்புதூர் பெயர் டி.வி.யில் வந்தது. அதுவரை எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் எழுத்துக் கூட்டிக் கேட்பார்கள், அன்றையிலிருந்து யாரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து உங்கள் மனிதர்கள் பத்திரமா என்று விசாரித்தார்கள். போன் கிடைக்கவில்லை. அத்தை போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் தட்டில் போட்டு நீட்டியதை எதுவும் பார்க்காமல் சாப்பிட்டார். எல்லோரும் நல்லா கீறோம் என்று வல்லக்கோட்டையிலிருந்து மாமனார் குரல் வந்தபிறகு முகம் கழுவினார், மறுநாள் பழையபடி தன் பானையை ஏற்றினார். என் வீட்டுக்காரரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

4

இந்தப் பல்லி ஒரு தடவைக்கு இரண்டு முட்டை இடும். தோல் மாதிரி ஓடு. அதை எடுத்து, ஈரமாக்கிய கல்பொடி நிரப்பிய டப்பாவில் பாதி புதைத்து, தெர்மோகோல் பெட்டிக்குள் கதகதப்பாக வைக்க வேண்டும். எடுக்கும்போதே உச்சியில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்போம். அந்தப் புள்ளி கடைசிவரை மேலேயே இருக்க வேண்டும். உள்ளே கரு மேல் ஓட்டில் ஒட்டிக்கொண்டு வளர்கிறது. முட்டையைப் புரட்டினால் கரு அடியில் போய் அமுங்கிச் செத்துவிடும். டோரிஸ் அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் இதுதான். வெளியே வெயில் ஷெட்டைச் சுட்டுத் தள்ளும் என்பதால் முட்டைப் பெட்டிகளை வீட்டுக்குள் ஒரு சின்ன அறையில் வைத்திருந்தேன்.

ஜூலையில் டோரிஸ் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஆஸ்பத்திரியில் அவரோடு ஒரு வாரம் தங்கினேன். பல்லிகளுக்குத் தீனி வைப்பதை என் வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்டார். முட்டைகளுக்கு ஒரு வேலையும் கிடையாது, சும்மா இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்ததும் முதலில் பெட்டியைத்தான் திறந்தேன். உள்ளே ஓரமாக ஒரு கரித்துண்டும் துருப்பிடித்த ஆணியும் இருந்தன. டப்பாக்களில் ஒரு முட்டையிலும் புள்ளியைக் காணோம். யாராவது முட்டையை மாற்றிவிட்டார்களா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பொடியை விலக்கிப் பார்த்தேன். புள்ளியெல்லாம் அடியில் இருந்தது.

அத்தை அறை வாசலில் வந்து நின்றார். வந்த நாளிலிருந்து முதல்தடவையாக என் தொழிலைப் பற்றி அவராகவே வாயைத் திறந்தார்.

"ஒரே பக்கமா கெடந்துச்சும்மா. அப்டியே வுட்டா குஞ்சு ஓட்டுல ஒட்டிக்கினு செத்துப் பூடும். நான்தான் தெனம் பொரட்டி வச்சேன். நீதான் அடையாளம் வச்சுக் கீறியே, எனக்கு சுளுவா போச்சு."

நம் பக்கத்தில் கோழி அடை வைத்தவர்களுக்கு விளக்க வேண்டாம். கூடையில் தவிடும் வைக்கோலும் போட்டு, முட்டையில் கரிக்கோடு போட்டு வைப்போம். கோழி சரியாகப் புரட்டுகிறதா என்று அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். புரட்டாத கோழியாக இருந்தால் நாமே புரட்டுவோம். இடிச் சத்தத்தில் முட்டை கலங்காமல் இருக்கக் கரியும் இரும்பும் போடுவோம். இங்கே கோடையில் தினம் சாயங்காலம் இடி இடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் இறைச்சி சுடும் அடுப்பிலிருந்து அத்தை கரி கேட்டு வாங்கியிருக்கிறார், அதுவும் சைகையிலேயே. பல்லி தொட்ட கையால் போட்ட சோறு இறங்காதவர், நான் இல்லாத வீட்டில் அடைமுட்டை அநாதையாகக் கிடக்கக் கூடாது என்று அந்த அறைக்குள் நுழைந்து பல்லி முட்டையை ஒவ்வொன்றாகத் தொட்டுத் திருப்பியிருக்கிறார்.

இதையெல்லாம் இப்போது நிதானமாக எழுதுகிறேன். அப்போது சரி அத்தை என்று மட்டும் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய், குழாயைத் திறந்து ஒரே ரோஜாச் செடிக்குச் சேறாகும்வரை தண்ணீர் விட்டேன். என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து, அம்மாவிடம் சொல்லாதே, தாங்க மாட்டார் என்றார். என்னால் தாங்க முடியுமா என்று அவர் கேட்கவில்லை. அழுது முடித்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். இனிமேல் தொடாதே, மறுபடி திருப்பாதே, காத்திரு என்றார் டோரிஸ் அம்மா.

5

ரகசியம் எங்கள் வீட்டில் நிற்காது. உமாவுக்கு ஒன்பது வயது. அவளுக்குப் பாட்டியோடு பேசச் சொற்கள் போதாது, இருக்கிற சொற்களை வைத்துக்கொண்டு நேராக அடித்துவிடுவாள். மறுநாளே அத்தை முட்டையைப் புரட்ட எழுந்தபோது வழியை மறித்துக்கொண்டு, "பாட்டி, நோ. முட்டை திருப்பினா பேபி செத்துப் போகும். அம்மா அழுதா" என்றாள்.

அத்தை என்னைப் பார்த்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது? கோழி முட்டைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னேன். வடக்கே வேலைக்குப் போகிற பேச்சையும் என் வீட்டுக்காரரே சொல்லிவிட்டார். அன்று முழுக்க அத்தை தன் பானையை ஏற்றவில்லை.

மறுநாள் காலையில் குளித்து, விபூதி பூசி, ஈரத் தலையோடு வந்து என் எதிரில் நின்றார்.

"கௌரி, இங்கேருந்து காஞ்சிபுரத்துக்கு எப்டிமா போறது? முட்டை வச்சது எதுன்னு எனக்குக் காட்டு."

எனக்குப் புரிந்தது. காஞ்சிபுரம் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் உண்டு. தெரியாமல் பல்லிக்குக் கெடுதல் செய்துவிட்டால் நம் பக்கத்தில் போய் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வருவோம். இங்கே அதற்கு வழியில்லை. ஷெட்டில் மஞ்சள் மஞ்சளாக உயிரோடு இருக்கிறது.

இன்னதுதான் என்று இல்லை அத்தை, எல்லாமே வைத்தது என்றேன். அப்படியானால் எல்லாவற்றையும் காட்டு என்றார். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து தாய்ப்பல்லியை என் கையில் எடுத்து நீட்டினேன். அத்தை ஒரு விரலை நீட்டினார். முதுகைத் தொட்டார், விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "தெரியாம பண்ட்டேன். மனசுல வச்சுக்காத" என்று பல்லியிடம் சொன்னார். அடுத்த பெட்டி, அதற்கடுத்த பெட்டி. ஒன்றைக்கூட விடவில்லை, ஒவ்வொன்றிடமும் தனித்தனியாகச் சொன்னார்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபம் வந்திருக்க வேண்டிய ஆள் நான். வரவில்லை, அழுகைதான் வந்தது. பிறகு உள்ளே வந்து நான் போட்ட சோற்றை அவர் சாப்பிட்டார். சமையலறையில் ஷிப்டு முறை அன்றோடு ஒழிந்தது.

6

ஆகஸ்டில் முட்டைகள் கெட ஆரம்பித்தன. மஞ்சளாகி, குழிந்து, பூசணம் பூக்கும். ஒவ்வொன்றாக எடுத்து எறியும்போது அத்தை வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். செப்டம்பர் பிறந்தபோது பாதிக்கு மேல் போயிருந்தது. மிச்சம் வெள்ளையாக, உருண்டையாக இருந்தன. உயிர் இருக்கிறதா என்று பொரித்தால்தான் தெரியும். அதற்குள் அத்தையின் ஆறு மாதம் முடியப்போகிறது. டிக்கெட்டை மாற்று, நான் இப்போது போகமாட்டேன் என்றார். டிக்கெட்டை மாற்றுவது நம் கையில் இருக்கிறது, தங்குகிற அனுமதி சர்க்கார் கையில் அல்லவா? அவரைக் கூட்டிக்கொண்டு குடியேற்ற அலுவலகத்துக்குப் போனேன்.

இங்கத்து அலுவலகம் சத்தம் போடாது. ஸ்ரீபெரும்புதூர் தாலுகா ஆபீசில் கத்தினாலாவது நாமும் திருப்பிக் கத்தலாம். இங்கே சிரித்துக்கொண்டே தப்பான வரிசை என்று சொல்லி, இன்னொரு வரிசையின் வாலில் நிறுத்துவார்கள். மத்தியானம் ஒரு பெண் அதிகாரியின் முன்னால் போய் உட்கார்ந்தோம். எதற்காக இன்னும் தங்க வேண்டும் என்று கேட்டார். உடம்பு சரியில்லை என்றோ, குடும்பக் காரணம் என்றோ சொல்லுவதுதான் வழக்கம், நானும் அப்படித்தான் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அத்தை கேள்வி என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"அடை வச்ச முட்டை இன்னும் பொரிக்கலன்னு சொல்லு. பாதியில வுட்டுட்டு எப்டி போறது?"

என் வாயில் தயாராக இருந்த பொய் அப்படியே நின்றுவிட்டது. அத்தை சொன்னதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். கோழியா என்று அதிகாரி கேட்டார். பல்லி என்றேன். பேனாவைக் கீழே வைத்தார். இது உங்கள் தொழிலா, இவர் உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்கிறாரா என்று குரல் மாறிக் கேட்டார். பார்க்க வந்தவர்கள் வேலை செய்யக் கூடாது என்பது சட்டம். இன்னா கேக்கறாங்க என்று அத்தை என் முழங்கையை இடித்தார்.

"சம்பளமா? நான் பண்ண வேலைக்கு இவளுக்கு நான் இல்ல குடுக்கணும்."

அதையும் சொன்னேன். புள்ளியை, புரட்டியதை, கரித்துண்டை, எல்லாவற்றையும் சொன்னேன். என் இங்கிலீஷ் எத்தனை இடத்தில் இடறியதோ தெரியாது. அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், முத்திரையைக் குத்தினார். முட்டை பொரித்தால் எனக்குச் சொல்லுங்கள் என்றார். அவருக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினேன், போய்ச் சேர்ந்ததா தெரியவில்லை. பெயர் தெரியாத அந்த மனுஷிக்கு இங்கே இன்னொரு தடவை நன்றி சொல்லிவிடுகிறேன்.

அதன்பிறகு அத்தையின் இடம் முட்டை அறைதான். ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, கையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தொட மாட்டார், யாரையும் தொட விடவும் மாட்டார். பள்ளிக்கூடம் விட்டதும் உமா போய்ப் பக்கத்தில் தரையில் உட்காருவாள். இவள் இங்கிலீஷில் எதையோ சொல்வாள், அவர் தமிழில் எதையோ சொல்வார். பேச்சு நிற்காமல் நடக்கும்.

ஒரு சனிக்கிழமை காலை நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். கௌரி, இங்க வா என்று மெதுவாகக் குரல் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன், என் வீட்டுக்காரரும் பின்னால் வந்தார். ஒரு முட்டையின் ஓடு வியர்த்து, கிழிந்து, அதன் வழியே ஒரு தலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட குஞ்சு, கண்ணைத் திறந்து திறந்து மூடியது. முழுசாக வெளியே வர வெகுநேரம் ஆனது. நாங்கள் யாரும் நகரவில்லை. அது ஓட்டை உதறிவிட்டு வந்தபிறகு அத்தை என்னைக் கேட்டார்.

"இது நான் பொரட்டனதுதானே?"

ஓட்டை எடுத்துத் திருப்பிக் காட்டினேன். புள்ளி அடியில் இருந்தது. ஆமாம் அத்தை என்றேன்.

"இதுக்கு ஒண்ணும் கெடுதல் ஆவல இல்ல?"

ஒன்றுமில்லை அத்தை, நன்றாக இருக்கிறது என்றேன். அதற்குள் அடுத்த டப்பாவில் இன்னொன்று வியர்க்க ஆரம்பித்திருந்தது. அத்தை அதைப் பார்த்தார், பிறகு மகனைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாடா நின்னுக்கினு கீற? இதுங்கள எல்லாம் ஒரே ஷெட்ல அடைக்க முடியுமா? எடத்த அளந்து பாரு, போ."

என் வீட்டுக்காரர் டூல் பெட்டியிலிருந்து அளவு டேப்பை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார்.